காரைத்துறைக்கு அணுவுலை வேண்டுமா என்று ஆராய்ந்த திருமுகம்

நலம் பெருகுக! மழை முறை தவறாது பெய்க! வலைகள் கனத்துக் கரையேறுக!

அணுவைப் பிளந்து அகிலத்துக்கு ஒளியூட்டியவரும், இருளைப் பிடித்து எல்லைக்கு அப்பால் நாடு கடத்தியவரும், கதிரவன் ஓய்வெடுக்கும் வேளையில் அவன் சுமையைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டவரும், மலைநாடும் சமவெளியும் துறைநாடும் ஒரு குடைக்கீழ் ஆள்பவருமான பொன்மேட்டு நாட்டுப் பேரரசர் ஸ்ரீ ஆதவராயர், தலைநகர் மேருமங்கலத்தில் அரியணை வீற்றிருந்து செங்கோல் செலுத்தும் இந்நாளில், அவர் திருவாய்மொழியை ஓலையேற்றும் கடமை பூண்ட பேரமைச்சர் காங்கேயராயர், அலை தொழும் காரைத்துறை நாட்டை அன்போடும் அளவோடும் ஆண்டுவரும் சிற்றரசி முத்துக்குழலி நாச்சியாருக்கு விடுக்கும் திருமுகம் இது. தங்கள் துறை வாழ்க, தோணிகள் வாழ்க, ஊர்ச்சபை வாழ்க.

மேலே கண்ட விருதுகளுள் முதலாவதைப் பற்றி ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. அணுவுலை இன்னும் கட்டப்படவில்லை. கட்டத் தொடங்கவும் இல்லை. கட்டலாமா என்று இப்போதுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நாச்சியார் இதைப் படித்து வியப்படைய மாட்டீர்கள்; எம் நாட்டு வழக்கம் தாங்கள் அறிந்ததே. எனினும் இவ்வோலை தங்கள் ஊர்ச்சபையில் உரக்கப் படிக்கப்படும் என்பதால் அவர்கள் பொருட்டு எழுதுகிறேன். மன்னர் முடிசூடும் நாளன்றே, அவர் தம் ஆட்சி முழுவதிலும் ஆற்றப்போகும் அருஞ்செயல்களை எல்லாம் அவைப்புலவர் பாடி முடித்துவிடுவார். கல்தச்சர் அதைக் கோட்டை வாயிற்கல்லில் வெட்டிவிடுவார். அதன்பின் மன்னர் கல்லைப் பார்த்துப் பார்த்து, வரி வரியாக அவற்றைச் செய்துகொண்டு வருவார். முன்னோர் வகுத்த இம்முறையில் ஒரு பெரிய வசதி, அடுத்து என்ன செய்வது என்ற குழப்பம் எம் மன்னர்களுக்கு ஒருபோதும் நேர்வதில்லை. சங்கடம் என்னவென்றால், பாடும்போது புலவர் எவரையும் கலந்து பேசுவதில்லை. நம் பேரரசரின் பாட்டனார் கல்லில், 'யானைக்குப் பறக்கக் கற்பித்தவர்' என்றொரு வரி விழுந்துவிட்டது. அந்த நல்ல மனிதர் தம் இறுதிக் காலம்வரை ஒரு யானையை அழைத்துக்கொண்டு மலையுச்சிக்கும் அடிவாரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். யானைக்கு உடல் நன்றாகத் தேறியது. வேறு பயனில்லை.

நம் பேரரசருக்கு வாய்த்த புலவர், 'இடிநாவர்' என்று விருது பெற்றவர். அவர் முதல் வரியிலேயே அணுவைப் பிளந்துவிட்டார்.

இனி, தாங்கள் விடுத்த ஓலைக்கு வருகிறேன். காரைத்துறை மணல்மேட்டில் நிற்கும் காற்றாடிகளே தங்கள் ஊரின் மகப்பேற்றுச் சாலைக்கும் மீன் வைக்கும் பனிக்கட்டிச் சாலைக்கும் மின்விளக்கு தந்துவருகின்றன என்றும், காற்று அடங்கும் மாதங்களில் அவை அசையாது நின்றுவிடுவதால் மருத்துவச்சிகள் அகல்விளக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளைப்பேறு பார்க்க நேர்கிறது என்றும், ஆகவே காற்றை எதிர்பாராமல் எரியும் ஓர் உலை வருமானால் ஊரார் அதை வரவேற்கவே விரும்புகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்த மணல்மேட்டையே உலைக்கு ஒதுக்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, காற்றாடிகளை இறக்கும் ஆணையோடும் கயிறு கப்பிகளோடும் தலைநகர் அதிகாரி ஒருவர் வந்து சத்திரத்தில் தங்கியிருப்பதாகவும், தேர்த் திருவிழா முடிந்ததும் இறக்கத் தொடங்கிவிடுவேன் என்று அவர் நாள்தோறும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்லிவருவதாகவும், இருப்பதை இறக்கிவிட்டால் வரப்போவது எப்போது வரும் என்று எவருக்கும் தெரியவில்லை என்றும், ஊர்ச்சபை ஆம் என்பதா இல்லை என்பதா என்றும் கேட்டிருந்தீர்கள். வாயிற்கல் வாசகத்தின் நகல் எல்லா ஊருக்கும் அனுப்பப்பட்டிருப்பதால், தலைநகரில் உலை எரிகிறது என்று நம்பி, அதை நேரில் கண்டுவர ஊர்ச்சபை உறுப்பினர் அம்பலத்தாளை அனுப்பியிருப்பதாகவும் குறித்திருந்தீர்கள்.

அம்பலத்தாள் வந்து சேர்ந்தார். அதை உரிய இடத்தில் சொல்கிறேன். அதற்குமுன் ஆராய்ச்சிக் குழுவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

கல்லின் முதல் வரிக்கு முறை வந்ததும், 'அணுவுலைப் பேராராய்ச்சித் திருச்சபை' என்ற பெயரில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. உலைக்கு நிறைய நீர் வேண்டும் என்று யாரோ சொல்ல, சுவரில் தீட்டியிருந்த நாட்டுப் படத்தில் நீலம் அதிகமாகத் தெரிந்த பக்கத்தில் விரலை வைத்து, முதல் அமர்விலேயே, வெற்றிலைத் தட்டு வருவதற்குள், காரைத்துறையைத் தேர்ந்தெடுத்தோம். இடம் தேர்ந்தவுடன் அவ்விடத்தில் நிற்பதை அகற்றும் ஆணை தானாகவே புறப்படுவது எம் அலுவலக நடைமுறை. என்ன நிற்கிறது என்று பார்ப்பது அந்த நடைமுறையில் இல்லை.

இரண்டாம் அமர்வில்தான் உண்மையான சிக்கல் தலைகாட்டியது. அணுவுலை வேண்டுமா என்று ஆராய்வது அரச நிந்தனை ஆகாதா என்று இடிநாவர் எழுந்து வினவினார். மன்னர் ஏற்கெனவே செய்து முடித்ததாகக் கல் கூறும் ஒன்றை, செய்யலாமா என்று கேட்பவன் கல்லை ஐயுறுகிறான். கல்லை ஐயுறுபவன் மன்னரை ஐயுறுகிறான். அவனை என்ன செய்வது என்பதைத் தாம் சொல்லத் தேவையில்லை என்றார். குழுவினர் எல்லாரும் தத்தம் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, இல்லாத உலையை ஆராயவில்லை, இருக்கின்ற உலையின் புகழ் எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்றே ஆராய்கிறோம் என்று அடியேன் ஒரு வழி சொன்னேன். அனைவரும் நிம்மதி அடைந்தனர். உலையைப் பற்றி அன்றைக்கு வேறு பேச்சு நிகழவில்லை.

குழுவில் அணுவைப் பற்றிப் படித்தவர் ஒருவராவது இருந்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்று கடைசி நேரத்தில் ஒருவர் நினைவூட்டியதால், மேருமங்கலக் கல்விக்கழகத்தில் நுண்பொருள் நூல் கற்பிக்கும் பேராசிரியை வடிவாம்பிகை சேர்க்கப்பட்டார். ஆசனங்கள் எல்லாம் நிரம்பிவிட்டபடியால் அவருக்குக் கதவோரமாக ஒரு முக்காலி போடப்பட்டது. மூன்றாம் அமர்வில் அவருக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. அவர் பேசியது கல்லில் இருப்பதைப் போல் இல்லை.

புதுவகை அணுவுலை என்பது ஏமாற்று வேலை அன்று என்றே அவர் தொடங்கினார். கைப்பிடி எரிபொருளில் ஒரு காட்டை எரித்த வெப்பம் கிடைக்கும், புகை இராது, காற்று அடித்தாலும் அடங்கினாலும், மழை பெய்தாலும் பொய்த்தாலும் எரிந்துகொண்டே இருக்கும், பழைய உலைகளை விடச் சிறியதாகவும், சூடு மிஞ்சினால் தானே அடங்கும்படியும் அமைக்க இப்போது முறைகள் வகுத்திருக்கிறார்கள் என்றார். குழு மகிழ்ந்து கைதட்டியது. கை ஓய்ந்ததும் மிச்சத்தைச் சொன்னார். அந்த முறைகளில் பல இன்னும் ஏட்டில்தான் இருக்கின்றன. முதலில் கட்டுபவனே அதன் பிழைகளை எல்லாம் முதலில் காண்பான். கட்டி முடிக்கப் பல ஆண்டு பிடிக்கும், சொன்ன ஆண்டில் முடிந்த உலை ஒன்றையும் தாம் கேள்விப்பட்டதில்லை. அதை நடத்தத் தெரிந்தவர் இந்நாட்டில் தம்மையும் தம் மாணவர் சிலரையும் தவிர இல்லை, தமக்கும் பாதிதான் தெரியும் என்றார். குழுவில் ஒருவர் தமக்கு ஏதோ பாதிதான் தெரியும் என்று வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை.

எரிந்து முடிந்த சாம்பலைப் பற்றி அடுத்துச் சொன்னார். அது நம் பேரன், பேரனின் பேரன், அவர்களுக்கும் பின்வரும் அரச குலங்கள் எல்லாம் மாண்டு மறைந்த பின்னும் தீண்டத் தகாத கொதிப்போடு இருக்கும் என்றும், உலைக்கு இடம் தேடுமுன் அதற்கு இடம் தேட வேண்டும் என்றும், பிற்காலத்தார் அறியாமல் தோண்டிவிடாதபடி எச்சரிக்கை வைக்க வேண்டும் என்றும் கூறினார். இடிநாவர் உடனே அப்பொறுப்பைத் தாமே ஏற்பதாகவும், அவ்விடத்துக்கென்று ஒரு பாடல் இயற்றித் தருவதாகவும் முன்வந்தார். தங்கள் பாடலுக்கு இப்போதே பொருள் விளங்குவதில்லை, பிற்காலத்தார் பொருளைத் தேடியே தோண்டிவிடுவார்கள் என்று பேராசிரியை பணிவோடு மறுத்தார்.

கடைசியாக அவர் சொன்னதே குழுவை மிகவும் கலங்கடித்தது. உலை எங்கிருந்தாலும், அதைப் பார்வையிட்டு, தவறு கண்டால் 'நிறுத்து' என்று மன்னரிடமே சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்வதால் அவர் பதவிக்கோ தலைக்கோ கேடு வரக்கூடாது. அப்படி ஒருவர் இல்லாத நாடு உலை கட்டாமல் இருப்பதே நல்லது என்றார். மண்டபம் முழுவதும் மேற்கூரையை நோக்கியது. சிற்ப வேலைப்பாடு சிறப்பானது என்பதை அன்றுதான் பலர் கவனித்தனர். அந்த ஒரு சொல்லை மன்னர் முன் எவ்வாறு மரியாதையாக எடுத்துரைப்பது என்று நெடுநேரம் கலந்து, 'உலகனைத்தும் காக்கும் பெருமானே, திருவுளம் கனிந்து, தங்கள் கீர்த்தியைப் போலவே சுடர்விடும் இவ்வுலைக்கு இயன்றபோது சிறிதே இளைப்பாறுதல் அருளுவது பற்றிச் சிந்தித்தருள வேண்டும்' என்று ஒரு வாசகம் உருவாக்கினோம். இந்த வாசகம் முடிவதற்குள் உலை தன் முடிவைத் தானே எடுத்துவிட்டிருக்கும் என்று பேராசிரியை சொன்னார்.

இந்த நிலையில்தான் அம்பலத்தாள் வந்து சேர்ந்தார். தங்கள் பனிக்கட்டிச் சாலையை நடத்துபவர் என்றும், கணவரின் தம்பி பேச்சிமுத்துவைத் துணைக்கு அழைத்து வருகிறார் என்றும் ஓலையில் கண்டிருந்தோம். அவர் குரல் இத்தனை கணீரென்று இருக்கும் என்பது ஓலையில் இல்லை. சாட்சியர் சொல்லை மாற்றாமல் அவர்கள் வாய்ச்சொல்லாகவே எழுத வேண்டும் என்பது பேரரசரின் ஆணை ஆகையால், அவர் பேச்சைப் பேசியபடியே இங்கு தருகிறேன். அவர் வாயிற்கல்லின் முன் நின்று, காவலரிடம், "எய்யா, இதுல போட்டிருக்க ஒலை எங்க இருக்கு? நாங்க காரைத்தொறையில இருந்து வாறோம். கண்ணால ஒருக்கப் பாத்துட்டுப் போயிருதோம். தொட மாட்டோம்" என்றார். காவலருக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வார்கள். அவரைக் குழு மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

உலையைக் காண வந்திருக்கிறேன் என்று அம்மையார் மண்டபத்தில் கைகூப்பி நின்றதும், பேராசிரியை முக்காலியிலிருந்து எழுந்து வாய் திறந்தார். அதற்குள் இடிநாவர் முந்திக்கொண்டார். நெடுந்தொலைவு நடந்துவந்த குடிமக்களை வெறுங்கண்ணோடு திருப்பி அனுப்புவது நாட்டுக்கு இழுக்கு, உலையை அடியேனே காட்டுகிறேன், பின்தொடர்க என்று புறப்பட்டார். எதைக் காட்டப் போகிறார் என்று அறியும் ஆவலில் அடியேனும், இன்னும் எவரெவரோ பின்தொடர்ந்தோம். பேராசிரியை தம் ஏடுகளை எடுத்துக்கொண்டு சினத்தோடு கடைசியில் வந்தார்.

அரண்மனை நீராடு மண்டபத்தின் பின்புறம், பேரரசரின் குளியலுக்கு வெந்நீர் காய்ச்சும் பெரிய செப்புக் கொப்பரை ஒன்று உண்டு. அன்று சனிக்கிழமை ஆதலால் அது முழு மூச்சில் கொதித்துக்கொண்டிருந்தது. இடிநாவர் தம் கழுத்து மாலையைக் கழற்றி அதற்குச் சூட்டி, இதுவே அணுவுலை, இதனுள் கோடானுகோடி அணுக்கள் கணந்தோறும் பிளந்துகொண்டிருக்கின்றன, காண்பீர், களிப்பீர் என்று முழங்கினார். ஆவி குபுகுபுவென்று எழுந்து அவர் சொல்லுக்குத் துணை நின்றது.

பேச்சிமுத்து குனிந்து அடுப்புக்குள் பார்த்துவிட்டு, "மதினி, உள்ள வெறகுல்லா எரியுது" என்றார்.

"ஏல, சும்ம கெட. படிச்சவுக சொல்லுதாவல்லா. தலைநகர்ல வெறகும் வேற மாதிரி இருக்கும்" என்று அம்மையார் அடக்கினார்.

விறகும் அணுக்களால் ஆனதே என்று இடிநாவர் அசையாமல் மறுமொழி கூறினார். குழு அமைந்த நாள் முதல் இடிநாவர் கூறியவற்றுள் பிழையற்ற கூற்று அது ஒன்றே என்று பேராசிரியை பின்னர் தம் அறிக்கையில் குறித்திருக்கிறார்.

அம்மையார் கொப்பரையைச் சுற்றி வந்தார். "நல்லாத்தான் இருக்கு. எங்க ஊர்ல நெல்லு அவிக்க இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கோம். நாங்க அதுக்கு மாலை போடலை, அம்புட்டுதான் வித்தியாசம். எய்யா, இதுல இருந்து வெளக்குக்கு மின்சாரம் எந்தப் பக்கமா வருது?" என்று கேட்டார். இடிநாவர் கிழக்கைக் காட்டினார். பிறகு, ஐயம் தோன்றியவர் போல, மேற்கையும் காட்டினார்.

அச்சமயம் பேரரசர் வந்தார். சனி எண்ணெய்க் குளியலுக்கு ஆயத்தமாக, தலை முதல் கால்வரை நல்லெண்ணெய் வழிய, இடையில் ஒரு துண்டும் கையில் சீயக்காய்க் கிண்ணமுமாக, முடியோ அணியோ பரிவாரமோ இன்றி வந்தார். பேரரசரை அந்நிலையில் கண்டவர் அரண்மனையிலேயே சிலர்தாம். அம்மையார் அவரைக் கொப்பரைக்குத் தீயிடும் பணியாளர் என்று கொண்டார்.

"எய்யா, நீங்கதான் இந்த ஒலையப் பாத்துக்கிடுத ஆளா?"

தாம் குளிக்க வந்திருப்பதாகப் பேரரசர் உண்மையைச் சொன்னார்.

"குளிக்கவா? அணுவொலையிலயா? ஒடம்பு என்னத்துக்கு ஆகும்!"

பேரரசர் கொப்பரையைப் பார்த்தார். அதன் கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்தார். பிறகு இடிநாவரைப் பார்த்தார். அதற்குள் குழுவினர் அனைவரும் நெடுஞ்சாண் கிடையாக விழுந்துவிட்டபடியால், நின்றுகொண்டிருந்தவர்கள் மூவரே: அம்மையார், பேச்சிமுத்து, ஏடுகளை வைக்க உலர்ந்த இடம் தேடிக்கொண்டிருந்த பேராசிரியை. எதிரில் நிற்பவர் யாரென்று அம்மையாருக்கு அப்போதுதான் புரிந்தது. எனினும் அவர் விழவில்லை. இத்தனை தூரம் வந்தது கேட்டுவிட்டுப் போவதற்கே என்று முடிவு செய்துவிட்டார் போலும்.

"ராசா, தப்பா நெனைச்சுக்கிடாதீக. என் மருமக இப்ப நெறமாசம். காத்து நல்லா வீசுத மாசமாச்சே, வெளக்கு எரியும், பயமில்லன்னு நிம்மதியா இருந்தேன். உங்க ஆளு கயித்தோட வந்து சத்திரத்துல ஒக்காந்திருக்காரு, காத்தாடிய எறக்கணுமாம். இந்தா நிக்குத இந்தக் கொப்பரைய நம்பியா ராசா எறக்கச் சொன்னீக? நீங்க ஒலை வைங்க, வேண்டாங்கல. அது வாறதுக்குள்ள பொறக்குத பிள்ளைக்கு என்ன செய்ய?"

எந்தக் காற்றாடி என்று பேரரசர் கேட்டார். ஆணை தம் பெயரில் சென்றிருப்பது அவருக்குத் தெரியாது. அலுவலக நடைமுறையை அடியேன் தரையில் கிடந்தபடியே விளக்கினேன். தரையில் கிடந்து விளக்கும்போது அந்த நடைமுறை, மண்டபத்தில் இருந்ததை விட மோசமாகத் தோன்றியது என்பதை இங்கு குறிக்க வேண்டும்.

நாச்சியாரே, எம் பேரரசரிடம் குறைகள் உண்டென்றால் கல்லில் பாடப்பட்டிருப்பதே முதற்குறை. மற்றபடி அவர் நல்ல மனிதர். குளியல் பலகையில் அமர்ந்து, எண்ணெய் சொட்டச் சொட்ட அங்கேயே குழுவைக் கூட்டினார். பேராசிரியையை நோக்கி, இந்நாடு அணுவுலை அமைக்கலாமா, விருதுகள் இன்றிச் சொல்லுக என்றார்.

இன்று ஆம் என்று சொன்னால் அது பொய்; இன்று இல்லை என்று சொன்னாலும் அது பொய் என்று பேராசிரியை கூறினார். ஆராய்வது தகும், ஆட்களைப் பயிற்றுவிப்பது தகும், சாம்பலுக்கு இடமும், நிறுத்து என்று சொல்ல ஆளும் கிடைத்த பிறகு கட்டுவதும் ஒருவேளை தகும், ஆனால் ஏட்டில் உள்ள உலையை நம்பி, மணலில் நிற்கும் காற்றாடியை இறக்குவது எந்த நூலின்படியும் தகாது, காற்று வீசும் மாதங்களில் மிஞ்சும் மின்சாரத்தைக் காற்று அடங்கும் மாதங்களுக்குச் சேமித்து வைக்கும் கலங்களை முதலில் அனுப்பலாம், அதற்குத் தேவையானவை கல்விக்கழகப் பரணில் தூசி படிந்து கிடக்கின்றன என்றார். எத்தனை காலமாகக் கிடக்கின்றன என்று பேரரசர் கேட்க, கல்லில் அவற்றைப் பற்றி வரி இல்லாததால் எவரும் கேட்கவில்லை என்று மறுமொழி வந்தது.

கல் பொய்த்துவிடும் என்று இடிநாவர் கண்ணீர் மல்க முறையிட்டார். தாம் முடிசூடிய நாள் முதல் கல் காத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதற்குப் பசியும் இல்லை தூக்கமும் இல்லை, இன்னும் சில காலம் காத்திருக்கட்டும், வெந்நீர்தான் ஆறிக்கொண்டிருக்கிறது என்றார் பேரரசர்.

பிறகு அவர் எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். 'நிறுத்து' என்று தம்மிடம் சொல்ல ஆள் வேண்டுமென்றால் அவையினர் இப்போதே பழக வேண்டும் என்று, பலகையிலிருந்து எழுந்து மண்டபத்தின் குறுக்கே நடக்கத் தொடங்கினார். தாம் சுவரில் முட்டுமுன் எவரேனும் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்ல வேண்டும் என்பது கட்டளை. குழுவில் ஒருவரான படைத்தலைவர் 'பெருமானே' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டார். இடிநாவர் கடவுள் வாழ்த்தில் இருந்தார். அடியேன் 'நி' வரைக்கும் போனேன். எண்ணெய்க் காலோடு பேரரசர் சுவரை நெருங்கிவிட்ட வேளையில் அம்பலத்தாள்தான், "நில்லுங்க ராசா! கண்ணுல எண்ண எறங்குதுல்லா, செவுரு தெரியலையா?" என்றார். பேரரசர் நின்றார். உலகம் கவிழவில்லை. முகம் துடைத்துக்கொண்டு, இவ்வளவுதானா என்று அவையைக் கேட்டார். அவை, இவ்வளவுதான் போலும் என்று தலையசைத்தது.

இனி, பேரரசரின் ஆணை. நாச்சியார் கேட்டு, ஊர்ச்சபைக்கும் கேட்கச் செய்க.

காரைத்துறை மணல்மேட்டுக் காற்றாடிகளில் ஒன்றையும் எவரும் தொடக்கூடாது. இறக்க வந்த அதிகாரி இவ்வோலை கண்டவுடன் சத்திரத்தைக் காலி செய்து திரும்ப வேண்டும். அவர் கொண்டுவந்த கயிறும் கப்பியும் தோணிக்காரர்களுக்கு உதவுமாதலால் அங்கேயே விட்டுவர வேண்டும். அவர் திரும்ப மறுத்து, எழுத்தில் ஆணை வேண்டும் என்று வாதிட்டால், இந்த வரியை அவரிடம் படித்துக் காட்டுக. மின்சாரம் சேமிக்கும் கலங்கள், தூசி தட்டப்பட்டு, அம்பலத்தாளும் பேச்சிமுத்துவும் வரும் வண்டிகளிலேயே ஏற்றப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பொருத்தத் தெரிந்த மாணவர் சிலரும் உடன் வருகிறார்கள். மகப்பேற்றுச் சாலைக்கே முதலில் பொருத்துக. பிறக்கும் பிள்ளைக்குப் பேரரசரின் வாழ்த்து. பிள்ளைக்குத் தம் பெயர் வைக்கத் தேவையில்லை என்று அவரே சொல்லச் சொன்னார். அந்தப் பெயர் விருதுகளோடு எழுதும்போது நீளம் அதிகம்.

ஊர்ச்சபை அணுவுலைக்கு ஆம் என்பதா இல்லை என்பதா என்ற கேள்விக்கு, 'இன்னும் தெரியவில்லை' என்பதே அரசின் மறுமொழி. பொன்மேட்டு நாட்டு இலச்சினை இத்தகைய வாசகத்தின் கீழ் இதுவரை இடப்பட்டதில்லை. எழுத்தர் ஒருமுறைக்கு இருமுறை அடியேனைக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

குழு கலைக்கப்படவில்லை, தலைமை மாற்றப்பட்டுள்ளது. பேராசிரியை வடிவாம்பிகை தலைவர். அவருக்கு ஆசனம் அளிக்கப்பட்டுள்ளது. முக்காலி அடியேனுக்கு வந்திருக்கிறது. இடிநாவர் எழுத்தராக அமர்ந்து, பேராசிரியை சொல்வதை மட்டும், அடைமொழி ஏதும் சேர்க்காமல் எழுத வேண்டும். முதல் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது, இப்போது தேறிவருகிறார். நிறுத்து என்று சொல்லும் பதவிக்கு அம்பலத்தாளைப் பேரரசர் அழைத்தார். தமக்குப் பனிக்கட்டிச் சாலையில் வேலை இருக்கிறது, மீன் கெட்டுப்போகும், இங்கேயே உள்ளவர்கள் பழகிக்கொள்ளட்டும் என்று அவர் மறுத்துவிட்டார். ஆதலால் அவையினர் நாள்தோறும் காலையில் பேரரசரை நடக்கவிட்டுப் பழகிவருகிறோம். படைத்தலைவர் நேற்று முழுச் சொல்லையும் சொன்னார். மெதுவாகத்தான், ஆனால் சொன்னார்.

இனி ஆராய்ச்சி சுவர்ப்படத்தின் முன் நடைபெறாது. குழு காரைத்துறைக்கே வந்து, காற்று வீசும் காலமும் அடங்கும் காலமும் அங்கேயே தங்கி, கரையையும் நீரையும் மண்ணையும் பார்த்து, உங்கள் மக்கள் சொல்வதைக் கேட்டு, அதன்பின் உலை தகுமா தகாதா என்று எழுத வேண்டும் என்பது ஆணை. அவர்கள் தங்குவதற்கு அதிகாரி காலி செய்யும் சத்திரமே போதும். உணவில் மீன் இருக்கலாம், புகழ்ச்சி வேண்டாம்.

இவ்வோலை காரைத்துறை எல்லையைக் கடந்த கணம் முதல் நடப்புக்கு வரும். இதைக் கேட்டவர் கேட்டபடி நடக்க. கேளாதவருக்குக் கேட்டவர் சொல்க. சொல்லும்போது கூட்டிச் சொல்லாதிருக்க. பேரரசர் ஆதவராயர் திருவாய்மொழிப்படி, பேரமைச்சர் காங்கேயராயர் கைப்பட எழுதி, சேவல் இலச்சினை இடப்பட்டது. துறை வாழ்க. காற்று வாழ்க.

இலச்சினைக்குக் கீழே, நாச்சியாருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். குழுவினர் வந்து சேரும் அன்று அவர்களை நேரே கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். சற்றுத் தொலைவில் நிறுத்தி, ஓசையைக் கேட்கச் செய்து, கொஞ்சம் பழகிய பிறகு கிட்டே அழைத்துப் போகவும். பேராசிரியை நீங்கலாக, அந்தக் கரையைத் தேர்ந்தெடுத்த குழுவில் ஒருவரும், அடியேன் உட்பட, இதுவரை கடலைப் பார்த்ததில்லை.